இழுக்க ஆள் தேவைப்படாத கரை

தம்பி, திருகோணமலை, கோணேசபுரி பல்கலைக்கழக வளாகத்தில் கணினி படிக்கும் நீங்கள் போன கிழமை என் வீட்டு விறாந்தையில் இருந்து கேட்ட கேள்வி இது: “சேர், இன்னும் முப்பது நாற்பது வருடத்தில் எல்லா வேலையையும் இயந்திரங்களே செய்துவிட்டால் நாங்கள் என்ன செய்வோம்? அந்த வாழ்க்கை நிம்மதியாக இருக்குமா, வெறுமையாக இருக்குமா?” அன்று வேறு ஆட்கள் வந்துவிட்டதால் பேச்சுத் திசை மாறிப் போயிற்று. ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நான் பொருளியல் ஆசிரியனாக இருந்தவன் என்பது ஒரு காரணம். வேலை இல்லாமற்போன மனிதர்களைச் சிறுவயது முதல் மிக அருகில் இருந்து பார்த்தவன் என்பது அதைவிடப் பெரிய காரணம். ஆகவே சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

என் முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். இயந்திரம் கொண்டுவரும் விளைச்சலில் உங்களுக்கும் எனக்கும் உரிமையான பங்கு ஒன்று இருக்க வேண்டும். காலையில் எழுந்தால் எங்களை எதிர்பார்த்து நாலு பேராவது இருக்க வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் வேலை இல்லாத காலம் நல்ல காலமாக இருக்கும். முதலாவது இல்லாவிட்டால் அது பட்டினி. இரண்டாவது இல்லாவிட்டால் வயிறு நிறைந்தும் ஆள் தேய்ந்து போவான். இரண்டையும் நான் இந்த மாவட்டத்திலேயே கண்டிருக்கிறேன்.

அப்படி ஒரு காலம் வருமா என்பதில் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. 2013இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர், அமெரிக்க வேலைகளில் 47 சதவீதம் தன்னியக்கமாகும் அபாயம் மிகுந்தவை என்று கணக்கிட்டார்கள். 2016இல் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் அபிவிருத்திக்கான அமைப்புக்காகச் செய்த இன்னோர் ஆய்வு, ஒரு தொழிலை முழுதாக எடுக்காமல் அதற்குள் அடங்கிய செயல்களைப் பிரித்துப் பார்த்து, 9 சதவீதம் என்றது. ஒரே கேள்விக்கு இவ்வளவு தூரம் விலகிய இரண்டு விடைகள் வரும்போது எண்ணைப் பிடித்துக்கொண்டு பயப்படுவதில் பயனில்லை. 1930இல் பொருளியலாளர் ஜோன் மேனார்ட் கெயின்ஸ், நூறு ஆண்டில் மனிதர் கிழமைக்கு 15 மணித்தியாலம் உழைத்தால் போதுமென்று எழுதினார். வாழ்க்கைத்தரம் நான்கு முதல் எட்டு மடங்கு உயரும் என்றும் அவர் சொன்னார். பணக்கார நாடுகளில் அந்த உயர்வு ஏறக்குறையப் பலித்தது. 15 மணித்தியாலம் பலிக்கவில்லை. கைத்தொழில் நாடுகளில் 1870 அளவில் ஒரு தொழிலாளி வருடத்துக்குச் சுமார் 3000 மணித்தியாலம் உழைத்தார். இன்று ஜேர்மனியில் அது 1350 அளவுக்கு இறங்கியிருக்கிறது. ஆனால் அது தானாக இறங்கவில்லை. எட்டு மணித்தியால நாளுக்காகத் தொழிலாளர்கள் பல பத்தாண்டுகள் போராடிய பிறகுதான் 1919இல் கைத்தொழில்களுக்கான சர்வதேச சமவாயமாக அது எழுதப்பட்டது. எங்கள் நாட்டில் கடை, அலுவலக ஊழியர் சட்டம் 1954இல் வந்து நாளுக்கு 8, கிழமைக்கு 45 மணித்தியாலம் என்று வரையறுத்தது. இயந்திரம் மிச்சம் பிடித்துத் தந்த நேரம் யாருடைய கைக்குப் போவது என்பது ஒவ்வொரு முறையும் கேட்டு, மறித்து, வாங்கப்பட்டதுதான்.

இதை இன்னும் அருகில் பார்க்க வேண்டுமானால் நிலாவெளிப் பக்கம் ஒரு விடியற்காலையில் போய் நில்லுங்கள். வாடைக்காற்று ஓய்ந்து கடல் அடங்கிய மாதங்களில் அங்கே கரைவலை போடுவார்கள். தோணியில் வலையை ஏற்றிச் சென்று அரைவட்டமாக வளைத்து வந்து, இரண்டு கயிற்று நுனிகளையும் கரையில் கொடுப்பார்கள். நான் இளைஞனாக இருந்தபோது ஒரு வலைக்கு முப்பது நாற்பது பேர் வேண்டும். இரண்டு அணியாகப் பிரிந்து, கயிற்றை இடுப்பிலும் தோளிலும் வாங்கி, மணலில் குதிகாலை ஊன்றிப் பின்னோக்கி நடப்பார்கள். எல்லோரும் ஒரே மூச்சில் இழுத்தால்தான் வலை நகரும். அதற்காக ஒருவர் அம்பாப் பாட்டை எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் ஏலேலோ என்று வாங்கிப் பாடுவார்கள். மணித்தியாலக் கணக்கில் இழுத்த பிறகு வலையின் மடி கரையேறும்போது நெத்தலியும் சூடையும் காரலும் வெள்ளிபோலத் துள்ளும். செலவு கழித்து மிஞ்சியதில் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டிக்கு ஒரு பங்கு, இழுத்தவர்களுக்கு ஒரு பங்கு. எவ்வளவு என்பது ஊருக்கு ஊர் மாறும், ஆனால் பங்கு என்ற ஒன்று எங்கும் உண்டு. முதியவர் ஒருவர் வந்து கடைசி நேரத்தில் கயிற்றில் கை வைத்தாலும் அவருக்குக் கறிக்கு மீன் கொடுத்து அனுப்புவார்கள்.

இப்போது பல கரைகளில் இரண்டு உழவு இயந்திரங்கள் நிற்கின்றன. அவற்றில் பொருத்திய வின்ச் கயிற்றைச் சுற்றி இழுக்கிறது. பத்துப் பேர் போதும். இப்படி இழுப்பது கூடுமா கூடாதா என்ற சண்டை கரையோரங்களில் இன்னும் ஓயவில்லை. கடலடியை வாரிவிடும் என்பவர்கள் இருக்கிறார்கள், ஆள் கிடைக்காத காலத்தில் வேறு வழியில்லை என்பவர்களும் இருக்கிறார்கள். அந்த வழக்குக்குள் நான் இங்கே போகவில்லை. நான் பார்த்தது வேறு. உடம்பு நோகாமல் வலை ஏறுகிறது, அது நல்ல காரியம். முதுகெலும்பு தேய்ந்த எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். ஆனால் இழுத்தவர்களுக்கு என்று இருந்த பங்கு சுருங்கி, உழவு இயந்திரம் வைத்திருப்பவருக்கும் எரிபொருளுக்கும் என்று ஒரு புதிய பங்கு முளைத்துவிட்டது. அம்பாப் பாட்டும் நின்றுவிட்டது. அதை யாரும் தடை செய்யவில்லை. சேர்ந்து இழுக்கும் தேவை போனதும் சேர்ந்து பாடும் தேவையும் போய்விட்டது.

எங்கள் மொழியில் ‘பாடு’ என்ற சொல்லைக் கவனித்திருக்கிறீர்களா? கரைவலை இழுக்கும் இடம் பாடு. கிடைத்த மீன் மீன்பாடு. உழைப்பது பாடுபடுவது. ஒருவன் தன் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லும்போது ‘என் பாடு’ என்கிறான். இடம், விளைச்சல், உழைப்பு, வாழ்வு ஆகிய நான்கையும் ஒரே சொல்லுக்குள் வைத்துப் பேசி வந்தவர்கள் நாங்கள். பாடுபடாமலே மீன்பாடு வரும் என்ற நிலை வரும்போது மற்ற இரண்டும் என்ன ஆகும் என்பதுதான் நீங்கள் கேட்டதற்குள் இருக்கும் கேள்வி என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

இனி என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பிரித்தானியக் கடற்படையின் கப்பல் திருத்தும் டொக்யார்ட்டில் பிற்றராக, அதாவது இயந்திரம் பொருத்துபவராக, இருந்தவர். 1957 ஒக்டோபரில் திருகோணமலைக் கடற்படைத் தளம் இலங்கை அரசிடம் ஒப்படைக்கப்பட்டபோது எனக்கு ஏழு வயது. அந்நியப் படை போக வேண்டும் என்பதில் அப்பாவுக்கும் மாற்றுக் கருத்து இருக்கவில்லை. கணக்கு முடித்து அவருக்கும் ஒரு தொகை கிடைத்தது. ஆகவே நான் சொல்லப்போவது பணக் கஷ்டத்தின் கதையல்ல, குறை சொல்வதுமல்ல. வேலை போன பிறகும் அப்பா விடியற்காலை நாலரைக்கே எழும்பினார். முகம் வழித்து, காக்கிச் சட்டை போட்டு, விறாந்தையில் சாய்மனைக் கதிரையின் விளிம்பில் நிமிர்ந்து இருப்பார். டொக்யார்ட் சங்கு ஊதும் நேரம் வந்ததும் கையைத் திருப்பி மணிக்கூட்டைப் பார்ப்பார். சங்கு ஊதாது. அதன் பிறகுதான் சாய்ந்து இருப்பார். ஒரு வருடத்துக்கு மேல் இப்படி நடந்தது. அம்மா அவரை ஒன்றும் கேட்டதில்லை. தேநீரை மட்டும் அந்த நேரத்துக்குச் சரியாகக் கொண்டுவந்து வைப்பார்.

நான் பின்னர் பல்கலைக்கழகத்தில் படித்தபோது மரியென்தால் என்ற ஊரைப் பற்றி வாசித்து, அப்பாவை அந்தப் பக்கங்களில் கண்டு திகைத்தேன். ஒஸ்ரியாவில் வியன்னாவுக்கு அருகே உள்ள சிறிய ஊர் அது. அங்கிருந்த நெசவாலை 1929–30இல் மூடப்பட்டதும் 478 குடும்பங்களில் முக்கால்வாசிக் குடும்பங்களில் ஒருவருக்குக்கூட வேலை இல்லாமற்போயிற்று. மரீ யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் என்ற ஆய்வாளர்கள் அந்த ஊரை ஆராய்ந்து, 1933இல் தங்கள் ஆய்வை வெளியிட்டார்கள். நேரம் நிறையக் கிடைத்தவுடன் மனிதர் வாசிப்பார்கள், கூடிப் பேசுவார்கள், அரசியல் செய்வார்கள் என்றுதான் எவரும் நினைப்போம். நடந்தது நேர்மாறு. முன்னர் கட்டணம் வாங்கிய நூல்நிலையம் இலவசமாகத் திறந்திருந்தும், புத்தகம் எடுப்பது இரண்டே வருடத்தில் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. ஆய்வாளர்கள் தெருவில் நின்று, நடப்பவர்களை நேரம் பார்த்துக் கணக்கெடுத்தார்கள். ஆண்கள் மெல்ல நடந்தார்கள், வழியில் காரணமில்லாமல் நின்று நின்று போனார்கள். அன்றைய நாளில் என்ன செய்தீர்கள் என்று எழுதித் தரச் சொன்னால் பல மணித்தியாலங்களுக்கு அவர்களிடம் எழுத எதுவுமில்லை. பெண்கள் மட்டும் வேகமாக நடந்தார்கள். ஆலை மூடினாலும் அடுப்பு மூடவில்லை.

யஹோடா பின்னாளில் இதை விரித்து, வேலை சம்பளத்தோடு சேர்த்து நாம் கேட்காமலே ஐந்தைத் தருகிறது என்று விளக்கினார். நாளுக்கு ஓர் ஒழுங்கு. குடும்பத்துக்கு வெளியே மனிதரோடு பழக்கம். பலரோடு சேர்ந்து ஒன்றைச் செய்கிறோம் என்ற உணர்வு. ஊரில் ஓர் இடம். கையும் காலும் ஓயாத இயக்கம். சம்பளத்தை வேறு வழியில் கொடுத்துவிடலாம். மற்ற ஐந்தையும் வங்கிக் கணக்கில் போட முடியாது. வேலை இல்லாத எதிர்காலத்தைப் பற்றிப் பேசுகிறவர்களில் பலர் சம்பளப் பிரச்சினையைத் தீர்த்துவிட்டால் மீதி தானாக வரும் என்று நினைக்கிறார்கள். அப்பாவின் காக்கிச் சட்டையைப் பார்த்தவன் அப்படி நினைக்க மாட்டான்.

அப்பா மீண்ட விதத்தையும் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக் கலியாணத்துக்கு முதல்நாள் ஒரு பெற்றோமக்ஸ் விளக்கு எரியாமல் போக, அப்பாவிடம் கொண்டுவந்தார்கள். அவர் அதன் நிப்பிளைக் கழற்றி, மெல்லிய ஊசியால் அடைப்பை எடுத்து, வாசரை மாற்றி, மெண்டில் கட்டி, பம்ப் அடித்து ஏற்றியபோது முற்றம் முழுவதும் வெளிச்சம் பரவியது எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. அடுத்த மாதத்தில் பாலையூற்றிலிருந்தும் சாம்பல்தீவிலிருந்தும் ஆட்கள் விளக்கோடு வரத் தொடங்கினார்கள். காசு வாங்கியது சிலரிடம்தான். ஆனால் காலை ஒன்பது மணிக்குப் படலையில் ஆள் நிற்கும் என்ற ஒன்று வந்துவிட்டது. காக்கிச் சட்டை அதன் பிறகு பெட்டிக்குள் போயிற்று.

ஆகவே மனிதருக்குத் தேவை முதலாளியா என்றால் இல்லை, எதிர்பார்ப்புத்தான். இதற்கு மறுபக்கச் சாட்சியாக ஒன்றைச் சொல்கிறேன். 2006 ஏப்ரலில் சம்பூர் மக்கள் போரினால் இடம்பெயர்ந்தார்கள்; 2015இல்தான் தங்கள் நிலத்துக்குத் திரும்பத் தொடங்கினார்கள். இடையில் கிளிவெட்டி போன்ற இடங்களில் முகாம்களில் இருந்தார்கள். சாதாரண தரப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க நான் சில காலம் சனிக்கிழமைகளில் அங்கே போனேன். அரிசி, மா, பருப்பு, சீனி, எண்ணெய் என்று நிவாரணம் வந்தது. வயல் இல்லை, கடல் இல்லை, மாடு இல்லை, ஆகவே வேலையும் இல்லை. மர நிழலில் காலை எட்டு மணிக்கே முந்நூற்றி நாலு என்ற கடதாசி ஆட்டம் தொடங்கிவிடும். கடதாசிக் கட்டின் ஓரங்கள் பஞ்சுபோல நைந்திருந்தன. பெண்கள் தண்ணீர் வரிசையில் நின்றார்கள், சமைத்தார்கள், பிள்ளைகளைக் குளிக்க வார்த்தார்கள். மரியென்தாலில் கண்டதை நான் முக்கால் நூற்றாண்டு கழித்து வெருகல் வீதியோரத்தில் கண்டேன்.

அங்கே ஒரு விவசாயி தன் கூடாரத்தின் ஓரத்தில் இரண்டு முழ அகலத்தில் கீரைப் பாத்தி கட்டியிருந்தார். ஏக்கர் கணக்கில் வயல் செய்தவர். அடுத்த மாதம் நிவாரணம் வருமா, குறையுமா, நிற்குமா என்று எவருக்கும் தெரியாது. அதைக் கேட்பதற்கு ஓர் இடமும் இல்லை. நிவாரணம் என்பது பங்கு அல்ல. பங்கைக் கணக்குக் கேட்கலாம், சம்மாட்டியோடு சண்டை பிடிக்கலாம். நிவாரணத்துக்குக் கை நீட்டத்தான் முடியும். எதிர்காலத்தில் இயந்திரம் எல்லாம் செய்ய, பெருங்கம்பனிகளோ அரசோ மனமிரங்கி மாதாமாதம் ஏதாவது அனுப்பும் என்றால், அந்த வாழ்க்கை எனக்குக் கிளிவெட்டியை நினைவூட்டும், எவ்வளவு வசதியான வீட்டில் இருந்தாலும்.

சும்மா கொடுத்தால் சோம்பேறியாகிவிடுவார்கள் என்ற வாதத்தை நீங்களும் அன்று சொன்னீர்கள். எங்கள் நாடே அதற்கு மறுமொழி வைத்திருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தொடங்கிய, அரசு சலுகையாகக் கொடுத்த கூப்பன் அரிசி 1979இல் உணவு முத்திரை வரும்வரை ஏதோ ஒரு வடிவில் தொடர்ந்தது. 1953இல் அதன் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியபோது ஓகஸ்ட் 12ஆம் திகதி நாடு ஹர்த்தாலில் நின்றது. பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். மக்கள் அதைப் பிச்சையாக நினைத்திருந்தால் அப்படி எழும்பியிருக்க மாட்டார்கள். தங்கள் பங்கு என்று நினைத்தார்கள். அந்தப் பத்தாண்டுகளில் நாடு வயலைத் தரிசாக விட்டுவிடவில்லை. நெல் உற்பத்தி பல மடங்கு கூடியது. 1940களின் நடுவில் ஐம்பதுக்கும் கீழே இருந்த சராசரி ஆயுள் 1971 அளவில் 65ஐ எட்டியது. இலவச மருத்துவம், மலேரியா ஒழிப்பு, கல்வி எல்லாம் அதற்குக் காரணம், கூப்பன் அரிசியும் ஒரு காரணம். அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் 1982 முதல், எண்ணெய் வருமானத்தைப் போட்டுவைத்த நிதியின் ஆதாயத்தில் ஒரு பகுதியைக் குழந்தைகள் உட்பட ஏறக்குறைய ஒவ்வொருவருக்கும் ஆண்டுதோறும் பிரித்துக் கொடுக்கிறார்கள். அங்கே மொத்த வேலைவாய்ப்புக் குறையவில்லை, பகுதிநேர வேலை சற்றுக் கூடியது என்று ஆய்வு காட்டியது. பின்லாந்து 2017, 2018 ஆகிய இரண்டு ஆண்டுகள் வேலையற்ற 2000 பேருக்கு மாதம் 560 யூரோ நிபந்தனையின்றிக் கொடுத்துப் பார்த்தது. அவர்கள் வேலை தேடுவதை நிறுத்தவில்லை. மனநிலையும் மேம்பட்டிருந்தது.

எனக்கு உள்ள பயம் சோம்பேறித்தனத்தைப் பற்றியதல்ல. உழவு இயந்திரத்தின் சொந்தக்காரர் குறைந்தபட்சம் நிலாவெளியிலோ உப்புவெளியிலோ இருக்கிறார். கோவில் திருவிழாவில் அவருடைய முகத்தைப் பார்க்கலாம். நீங்கள் படிக்கும் அந்தப் பெரிய கணினி முறைமைகளின் சொந்தக்காரர்கள் எங்கள் கரையில் இல்லை, எங்கள் சட்டத்துக்குள்ளும் இல்லை. அவர்களுடைய நாட்டில் அவர்களுக்கு வரி போட்டு அந்த நாட்டு மக்களுக்குப் பங்கு கொடுக்கலாம். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்த நாடு எங்களுடையது. 2023இல் தொடங்கிய அஸ்வெசும என்ற அரசு நலன்புரி உதவியில் யாருடைய பெயர் இருக்கிறது, யாருடைய பெயர் விடுபட்டது என்பதே பிரதேச செயலக வாசல்களில் பெரும் மனக்கசப்பாக இருந்தது. இந்த நிலையில் தையல் ஆலையும் அழைப்பு நிலையமும் கணக்கு எழுதும் வேலையும் வெளிநாட்டு இயந்திரத்துக்குப் போனால், வேலை மட்டும் இங்கிருந்து போகும், விளைச்சல் இங்கே வராது. வேலை இல்லாத எதிர்காலம் எல்லா நாட்டுக்கும் ஒரே நாளில், ஒரே முகத்தோடு வரும் என்று எழுதுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

எங்களிடம் பங்கிடுவதற்கு எதுவுமே இல்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். புல்மோட்டைக் கரையின் கருமணலில் இல்மனைட் இருக்கிறது. அரசுக் கம்பனி அதை அள்ளி ஏற்றுமதி செய்கிறது. உலகம் அறிந்த இயற்கைத் துறைமுகம் இருக்கிறது. சீனன்குடாவில் பிரித்தானியர் விட்டுப்போன எண்ணெய்த் தாங்கிகள் காட்டுக்குள் நிற்கின்றன. அலாஸ்காக்காரர் தங்கள் எண்ணெயைப் பார்த்த கண்ணால், குச்சவெளியிலும் மூதூரிலும் கிண்ணியாவிலும் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இவற்றில் ஒரு பெயர் எழுதிய பங்கு உண்டு என்று நாங்கள் பார்க்கத் தொடங்கினால் என்ன? இது கனவாகத் தோன்றலாம். நான் இதை உறுதியாகவே நம்புகிறேன். மூன்று இனத்தவரும் சேர்ந்து கேட்கக்கூடிய ஒரு கோரிக்கை இந்த மாவட்டத்தில் இருக்குமானால் அது இதுவாகத்தான் இருக்கும்.

இனி, ஒருநாளும் முடிவடையாத வேலையைப் பற்றி. “மனிசி என்ன செய்யிறா?” என்று கேட்டால் “சும்மாதான் வீட்டில இருக்கிறா” என்று சொல்லும் பழக்கம் எங்களிடம் இருக்கிறது. இலங்கைப் பெண்களில் மூன்றில் ஒரு பங்கு அளவினர்தான் தொழிற்படையில் கணக்கிடப்படுகிறார்கள். மீதிப் பேர் ஏட்டின்படி சும்மா இருப்பவர்கள். சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2018இல் வெளியிட்ட கணக்கின்படி, உலகில் சம்பளமில்லாத பராமரிப்பு வேலைக்கு நாளொன்றுக்கு 1640 கோடி மணித்தியாலம் செலவாகிறது. 200 கோடிப் பேர் நாளுக்கு எட்டு மணித்தியாலம் உழைப்பதற்கு அது சமம். அதில் நாலில் மூன்று பங்கைப் பெண்கள் செய்கிறார்கள். வேலை இல்லாத எதிர்காலம் என்று பேசும்போது இந்த வேலையை யாரும் குறிப்பிடுவதேயில்லை.

நான் ஓய்வுபெற்ற பிறகு என் அக்கா பாரிசவாதத்தில் விழுந்தார். பதினான்கு மாதம் எங்கள் வீட்டில் படுக்கையில் இருந்தார். படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். தோளுக்குக் கீழே ஒரு கை, இடுப்புக்குக் கீழே ஒரு கை. விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தாலும் தோல் சிவந்துவிடும். முதல் மாதம் அதை என் மனைவிதான் செய்தார், எனக்குக் கூச்சம். பிறகு கற்றுக்கொண்டேன். நாலாம் மாதம் மகன் ஒரு காற்று மெத்தை வாங்கித் தந்தான்; சிறிய மோட்டர் ஒன்று அதன் அறைகளில் மாறி மாறிக் காற்றை நிரப்பும். புரட்டும் வேலை வெகுவாகக் குறைந்தது. அந்த இயந்திரத்தை நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அது தந்த நேரத்தில் அக்காவுக்குப் பேப்பர் வாசித்துக் காட்டினேன். அவரால் பேச முடியாது, மரண அறிவித்தல் பக்கம் வரும்போது மட்டும் என் கையைப் பிடித்து நிறுத்தி, தெரிந்த முகமா என்று பார்ப்பார். இயந்திரம் எதை எடுத்துக்கொள்ள வேண்டும், எதை எங்களிடம் விட வேண்டும் என்று எவரும் என்னிடம் கேட்டால் நான் அந்தப் பதினான்கு மாதத்தைத்தான் காட்டுவேன். சம்பள வேலை ஒழிந்த காலத்தில் ஆண்கள் இந்த வேலைக்குள் வராவிட்டால், ஓய்வு ஆணுக்கும் உழைப்புப் பெண்ணுக்கும் என்று உலகம் இன்னும் கோணலாகிவிடும்.

நல்ல பக்கத்தையும் சொல்லாவிட்டால் பதில் நேர்மையாக இராது. வேலை செய்யாமல் மரியாதையோடு வாழும் மனிதரை நீங்கள் தினமும் காண்கிறீர்கள்: பென்சன்காரர். மாதம் பிறந்தால் பணம் வருகிறது, அது அவருடைய உரிமை, எவரும் அவரைச் சோம்பேறி என்பதில்லை. காலையில் கடற்கரையில் நடக்கிறார், நூல்நிலையத்தில் பேப்பர் பார்க்கிறார், கோவில் நிர்வாகத்தில் கணக்கு எழுதுகிறார், பேரப்பிள்ளையைப் பாடசாலைக்கு ஏற்றிப் போகிறார். சிவராத்திரிக்குப் பிறகு கோணேசர் நகர்வலம் வரும் நாட்களில் வீதியைக் கூட்டி, தண்ணீர் தெளித்து, நிறைகுடம் வைத்து, தண்ணீர்ப் பந்தல் போடுவதற்கு இந்த ஊரில் ஆளுக்குப் பஞ்சம் வந்ததில்லை. அவர்களில் ஒருவருக்கும் கூலி இல்லை. யஹோடா சொன்ன ஐந்தும் அந்த நாட்களில் ஒருவருக்குச் சேர்ந்தே கிடைக்கின்றன. பென்சன்காரருக்கு இது எளிதாக இருப்பதற்குக் காரணம், முப்பது வருடம் ஊர் அவரை ஓர் இடத்தில் வைத்துப் பழகியிருக்கிறது என்பதுதான். இருபது வயதிலேயே பென்சன் எடுத்தவருக்கு அந்த இடம் எங்கிருந்து வரும் என்பதை நாங்கள் இப்போதே யோசிக்க வேண்டும். மாப்பிள்ளை என்ன வேலை என்று கேட்காத கலியாணப் பேச்சை இங்கே நான் இன்னும் கேட்டதில்லை.

அந்தக் கேள்வி ஒழிந்தால் எனக்கு ஒரு பெரிய மகிழ்ச்சியும் உண்டு. எங்கள் சமூகத்தில் தொழிலைக் கேட்பது பல வேளைகளில் சாதியைக் கேட்பதுதான். மயிர் வெட்டுவது, துணி வெளுப்பது, மீன் பிடிப்பது, பறை அடிப்பது என்று பிறப்போடு ஒட்டிவைத்த வேலைகளின் பெயரால் தலைமுறை தலைமுறையாக மனிதர் குனிய வைக்கப்பட்டார்கள். வேலையே அடையாளம் அல்ல என்ற ஒரு காலம் அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு வருமானால், வேலையின் இழப்பில் நான் பட்டியலிட்ட துயரங்களுக்கு எதிரே இந்த விடுதலையையும் தராசில் வைக்க வேண்டும். அது இலேசான எடையல்ல.

நீங்கள் என்ன செய்யலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். படிப்பை விட வேண்டாம். எந்த முறைமையைக் கட்டினாலும் அதன் பலனில் யாருக்குப் பங்கு என்று முதல் நாளே கேட்கப் பழகுங்கள். பொறியியலாளர்கள் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டால் பிறகு கேட்பவர்களுக்குக் கரையில் இடம் இராது. சம்பளத்துக்காக அல்லாமல் ஆட்கள் உங்களைத் தேடி வரும் ஒரு கைத்திறனையும் கற்றுவையுங்கள். வீட்டில் நோயாளி இருந்தால் புரட்டிப் படுக்க வைக்கும் முறையை அம்மாவிடம் கேட்டுப் பழகுங்கள்.

போன மாதம் நான் மறுபடியும் நிலாவெளிக்குப் போனேன். வின்ச் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தது. எண்பதை நெருங்கும் ஒரு ஐயா, முன்னர் அம்பா எடுத்துக் கொடுத்தவர், பனங்கட்டையில் குந்தி இருந்தார். மடி கரையை நெருங்கி, உழவு இயந்திரத்தை நிறுத்தி, கடைசிப் பத்துப் பாகக் கயிற்றைக் கையால் வாங்கும் நேரம் வந்ததும் எழும்பிப் போய் நடுவில் கயிற்றைப் பிடித்தார். இளைஞர்கள் ஒன்றும் சொல்லாமல் அவருக்கு இடம் விட்டு விலகிப் பிடித்தார்கள். அவருடைய இழுப்பில் வலை நகர்ந்ததாக எனக்குத் தெரியவில்லை. மீன் பிரித்தபோது ஒரு பையன் பொலித்தீன் பையில் சூடையை அள்ளிக் கொண்டுபோய் அவரிடம் கொடுத்தான். அவர் பையைத் தூக்கி எடை பார்த்துவிட்டு, இது காணாது, இன்னும் இரண்டு பிடி போடு என்றார். பையன் போட்டான்.